ராமேஸ்வரத்தோடு திரும்பிவிடாதீர்கள்

விடியற்காலையில் வந்திறங்கி, தீர்த்தமாடி, மதியம் தனுஷ்கோடி பார்த்துவிட்டு இரவே ரயிலேறுவதுதான் பலருடைய வழக்கம். கூட இரண்டு நாள் ஒதுக்குங்கள். இந்தக் கரையில் கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் ஒன்றின் மணியோசை மற்றொன்றுக்குக் கேட்கும் தூரத்தில் இருக்கின்றன. ஒரே குடும்பம் மூன்றிலும் நேர்ந்துகொள்வதைப் பார்க்க அவசரமில்லாமல் வரவேண்டும்.

மார்கழி முதல் மாசி வரை வெயில் தாங்கும். 2022 டிசம்பர் முதல் மண்டபத்தோடு நின்றிருந்த ரயில்கள், 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் மறுபடி ராமேஸ்வரம் வரை வருகின்றன. காரில் வருபவர்கள் ரயில் பாலத்தைப் பார்க்கச் சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தாதீர்கள். பின்னால் வரும் பேருந்துகளுக்குப் பெரும் தொல்லை.

ராமநாதசுவாமி கோயிலில் அக்னி தீர்த்தக் கடலில் முழுகிவிட்டுத்தான் உள்ளே 22 தீர்த்தங்களுக்குப் போவார்கள். ஈரத் துணியோடு சந்நிதிக்கு விடமாட்டார்கள், மாற்று உடை கையில் இருக்கட்டும். கைபேசியை அறையிலேயே வைத்துவிடுங்கள். ஆடி, தை அமாவாசைகளில் கூட்டம் நெரியும். முதியவர்களை அழைத்து வருபவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. வெளியே வந்து பள்ளிவாசல் தெருவுக்கு நடந்தால் அப்துல் கலாமின் வீடு. அவருடைய தந்தை படகோட்டியவர். தனுஷ்கோடிக்குப் போகும் யாத்ரீகர்களை ஏற்றிச் சென்றவர்.

தனுஷ்கோடிக்கு அரசுப் பேருந்து அரிச்சல்முனை வரை போகிறது. மாலைக்கு மேல் அங்கே தங்கவிடுவதில்லை என்பதால் காலையிலேயே கிளம்புங்கள். 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இன்றும் அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன என்பது பலர் கண்ணில் படுவதேயில்லை. அமைதியான பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஆனால் வாடைக்காற்று வீசும் மாதங்களில் அந்தப் பெண் கடலே சீறும். அப்போது மீன்பிடித் தொழில் தென்கடலான மன்னார் வளைகுடாவுக்கு மாறிவிடும். கரைவலை இழுக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம். அரைவட்டமாக வளைத்துவிட்ட வலையின் இரு கயிற்றையும் இரண்டு கூட்டம் கரையில் நின்று இழுக்கும். வலையின் மடி கரை சேரும்போது சூடை, காரல் மீன்கள் துள்ளும். கேட்டுவிட்டுக் கயிற்றில் கை வையுங்கள், மறுக்கமாட்டார்கள். குடிசைகளுக்கு அருகே மணலில் தோண்டிய ஊற்றுகளைக் காணலாம். ஊறிவரும் நல்ல தண்ணீரைப் பெண்கள் சிரட்டையால் முகந்து முகந்து குடம் நிரப்புகிறார்கள். உப்புக்கடல் இருபுறமும் சூழ்ந்த இடத்தில் அதுதான் அவர்களுடைய குடிநீர். அதில் கால் கழுவாதீர்கள், குழந்தைகளை இறங்கவிடாதீர்கள்.

அடுத்த நாள் ராமநாதபுரத்திலிருந்து தெற்கே போங்கள். திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி மூன்றும் ஒரே சாலையில் வரிசையாக வருகின்றன. திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் தர்ப்பைமேல் பள்ளிகொண்ட ராமரைச் சேவியுங்கள். பிள்ளைவரம் வேண்டுபவர்களுக்குப் பாயசப் பிரசாதம் கொடுப்பார்கள். கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைக் கண்டால் கோயில் மண்டபமோ என்று தோன்றும். உருவங்கள் இருக்காது, பூவும் கொடியும்தான். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகை என்பதால் வேறு நேரம் பார்த்து, வாசலில் அனுமதி கேட்டு நுழையுங்கள். ஊரைவிட்டுக் கிளம்புமுன் தொதல் வாங்க மறக்கவேண்டாம். அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் இனிப்போடு சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை மணிக்கணக்கில் கிண்டி எடுத்தது அது.

ஏர்வாடி தர்காவுக்கு மனநலம் குன்றியவர்களை எல்லா மதத்தவரும் அழைத்து வருகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6-இல் இங்கே ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். நேர்ந்துகொள்ளுங்கள், கூடவே மருத்துவரையும் பாருங்கள் என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்வேன். நோயாளிகளை யாரும் படம் எடுக்கவேண்டாம். துல்கஅதா மாதச் சந்தனக்கூட்டுக்கு வருவதானால் தங்குமிடத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இன்னொரு நாள் இருந்தால் உத்தரகோசமங்கை. அங்குள்ள மரகத நடராஜர் ஆண்டு முழுதும் சந்தனக்காப்பில் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டுமே காப்பைக் களைவார்கள். திருவாடானைப் பக்கம் ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று கிறிஸ்தவப் புனிதர் அருளானந்தர் தலை வெட்டப்பட்ட இடத்துச் செம்மண்ணை இந்துக்களும் முடிந்து எடுத்துப் போகிறார்கள்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா தவக்காலத்தில், பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும். நம் பக்கத்து மீனவரும் யாழ்ப்பாணத்து மீனவரும் ஒரே திருப்பலியில் சேர்ந்து நிற்கும் நாள் அது. ராமேஸ்வரம் வேர்க்கோடு பங்கின் வழியாக, அடையாள அட்டை நகலோடு சில வாரம் முன்பே விண்ணப்பிக்கவேண்டும். மீனவர் கைதைக் கண்டித்து நடந்த போராட்டத்தால் 2024-இல் இங்கிருந்து படகுகள் போகவில்லை. ஆகவே பயணச்சீட்டு எடுக்குமுன் அவ்வாண்டு படகு உண்டா என்று பங்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.