வெட்டுக்கத்தி வாங்கப்போகும் இளைஞனுக்கு

ஈப்போ

சிரஞ்சீவி இளங்கோவுக்கு, சிநேகிதர்களோடு பகாங் காடுகளில் கூடாரமடித்துத் தங்க உத்தேசித்திருப்பதாகவும், அதிக விலையில்லாத பாராங் என்னும் வெட்டுக்கத்தி ஒன்று வாங்க என் யோசனை வேண்டுமென்றும் எழுதியிருந்தாய். தோட்டத்தில் கத்தியோடு காலந்தள்ளியவன் என்ற உரிமையில் சில வார்த்தை சொல்கிறேன்.

மலிவான கத்தியெல்லாம் மட்டமான கத்தி என்று எண்ணிவிடாதே. பெரும்பாலும் அது வேலை முடியாத கத்தி. தொழிற்சாலைக்காரன் கடைசி வேலையை வாங்குகிறவன் தலையில் கட்டிவிட்டு, அதற்கு ஈடாக விலையைக் குறைத்திருக்கிறான், அவ்வளவுதான். ஆகையால், பின்னால் உன் கையாலேயே திருத்திக்கொள்ளக்கூடிய குறை எது, எக்காலத்திலும் திருத்த முடியாத குறை எது என்று கடையில் நிற்கும்போதே பகுத்துப் பார்ப்பதுதான் விவேகம். மழுங்கிய வாய், சொரசொரப்பான பிடி, லட்சணமில்லாத உறை ஆகியவை முதல் ரகம். எஃகின் தரம், அதில் ஏறியிருக்கும் பதம், பிடிக்குள் ஓடும் இரும்பின் நீளம் ஆகியவை இரண்டாம் ரகம்.

பிரேஸில் தேசத்தில் 1911-இல் தோன்றிய டிராமொன்டினா கம்பெனியின் 18 அங்குலக் கத்தியை இதற்கு நல்ல உதாரணமாகச் சொல்லலாம். வாங்கிய அன்று அதன் வாய் கீரைத்தண்டுக்கும் உதவாது. ஆனால் நூற்றுக்கு 0.7 பங்கு கரி சேர்ந்த 1070 எஃகும், அரத்துக்கு இணங்கும் பதமும் அதில் உண்டு. அலகு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டரே தடித்திருப்பதால் லாலாங் புல்லையும் பச்சைக்கொடியையும் சிரமமின்றிச் சீவித் தள்ளும். முற்றிய கட்டையில் போட்டாலோ அலகு அதிர்ந்து மணிக்கட்டைச் சோரவைக்கும். முதலைச் சின்னம் பொறித்த இங்கிலாந்து மார்ட்டின்டேல் கம்பெனியின் கோலோக் என்னும் கத்தி, குட்டையாகவும் கனமாகவும் இருப்பதால், விறகு பிளக்கவும் கம்பு சீவவும் மேலானது; விலைதான் சற்றுக் கூடுதல்.

கிராமத்துக் கொல்லன் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தரும் பாராங்கை இவ்விரண்டுக்கும் குறைவாக மதியாதே. இரும்பு நல்ல ஜாதி; பதம் மட்டும் கொல்லனுக்குக் கொல்லன் வேறுபடும். பிடி ஆடினால் குங்கிலியத்தை உருக்கி ஊற்றி இறுக்கிக்கொள்ளலாம்; பிடிக்குள் ஓடும் இரும்பே விரலளவில் நின்றிருந்தால் தொடாமல் வந்துவிடு. முதுகில் ரம்பப்பல் வெட்டிப் பகட்டாக விற்கும் கத்தியும் வேண்டாம். அந்தப் பல் ஈரமரத்தில் சிக்குமேயன்றி அறுக்காது. விறகு பிளக்கையில் முதுகில் கட்டையால் தட்டவும் இடங்கொடாது.

பதத்தைச் சோதிக்க, கடைக்காரரின் அனுமதியோடு வாயில் ஓரிடத்தில் அரத்தை மெல்ல ஓட்டிப் பார். அரம் கண்ணாடிமேல் போனதுபோல் வழுக்கினால் பதம் மிஞ்சியது, வாய் உதிரும். மாவைப் பிடித்ததுபோல் இறங்கினால் பதம் போதாது, வாய் மடங்கும். கரகரவென்று பிடித்துச் சன்னமான தூள் உதிர்ந்தால் அதை எடுத்துக்கொள்.

வீட்டுக்கு வந்ததும் கத்தியைப் பலகையில் அசையாமல் இறுக்கி, அலகோடு அரம் ஏறக்குறைய 20 பாகை சாய்ந்திருக்கும்படி வைத்து, முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தி, திரும்பும்போது தூக்கிவிடு. ஒரு பக்கம் ராவி முடிந்தது என்பதை மறுபக்கத்து ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் பிசிறு சொல்லும். பிறகு கத்தியைப் புரட்டி அடுத்த பக்கத்தை ராவி, சாணைக்கல்லில் அந்தப் பிசிறைப் போக்கிவிடு. கீரைத்தண்டுக்கும் உதவாத வாய்கூட அரைமணி நேர உழைப்பில் பிரம்பை ஒரே வீச்சில் துணிக்கும். தேங்காயெண்ணெய் தடவி வைக்காவிட்டால், நம் ஈரக்காற்றில் மறுநாளே துரு பிடிக்கும்.

வெட்டும்போது முன்னால் நிற்கும் காலைப் பின்னிழுத்து, வீச்சு உடம்பை விட்டு விலகிப் போகும்படி நில். இரண்டு கை நீளத்துக்குள் எவரையும் நிற்க விடாதே. நடக்கும்போது கத்தி உறைக்குள்ளேயே இருக்கட்டும். தக்க முகாந்தரமின்றிப் பொது இடத்தில் பாராங் வைத்திருப்பது மலேசியாவின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாதலால், பஸ்ஸிலும் கடைவீதியிலும் அதை மூட்டைக்குள் கட்டி வை. தமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குள் போவதாயின் செடிகொடிகளில் கைவைக்கும் எண்ணமே கூடாது.

ஆகவே, உன்னிடமுள்ள பணம் முழுவதையும் கத்திக்கே கொட்டிவிடாமல், அதில் ஒரு பங்கை நல்ல அரத்துக்கும் சாணைக்கல்லுக்கும் உறைக்கும் ஒதுக்கு. நீ போகும் காட்டில் கொடியைக் காட்டிலும் கட்டை மிகுதியாதலால், கொல்லன் பாராங்கே உனக்கு உகந்தது என்பது என் தீர்மானம். நல்ல கொல்லன் கிடைக்காவிட்டால் கோலோக் வாங்கு. எதை வாங்கினாலும் அரம் போடுமுன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இங்கே எடுத்துக்கொண்டு வா. முதல் பக்கத்தை நான் ராவிக் காட்டுகிறேன், இரண்டாம் பக்கம் உன் பொறுப்பு.

இங்ஙனம்,
உன் பெரியப்பா