வால்நட்சத்திரப் படம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வால்நட்சத்திரத்தைப் படமெடுக்க மலையுச்சியில் நிறுவிய பெருந்தொலைநோக்கி வேண்டும் என்று எண்ணுவோர் இன்னும் பலர். 1858-இல் டொனாட்டி வால்நட்சத்திரத்தை முதன்முதலாகப் புகைப்படத்தில் பிடித்த இங்கிலாந்துக்காரர் வில்லியம் அஷர்வுட், மனிதர் முகத்தைப் படமெடுக்கும் லென்ஸைக் கொண்டே அதைச் சாதித்தார். பல பாகை நீளும் வாலுக்கு வேண்டுவது உருப்பெருக்கமன்று, விசாலமான பார்வைப் பரப்பு. அதற்குக் குவியத்தூரம் குறைந்த சிறு தொலைநோக்கியே உத்தமம்.

இதனினும் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை, படத்தில் தெரியும் பச்சை நிறம் கம்ப்யூட்டரில் பூசப்பட்டது என்பது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பூமிக்குச் சுமார் 4.2 கோடி கிலோமீட்டர் தொலைவில் வந்து சென்ற இஸட்.டி.எஃப். வால்நட்சத்திரத்தை வெறுங்கண்ணால் கண்டவர்கள் சாம்பல் நிறத் திட்டு ஒன்றையே கண்டார்கள். மங்கிய ஒளியில் நிறத்தைப் பகுத்தறியும் சக்தி நம் கண்ணுக்கு இல்லாமையே அதற்குக் காரணம். சூரிய வெப்பத்தால் பனிக்கருவிலிருந்து வெளிப்படும் கார்பன் சேர்மங்கள் சிதைந்து, இரண்டு கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாகி, சூரிய ஒளியை ஏற்றுப் பச்சையாக ஒளிர்கின்றன. அதே ஒளி இரண்டொரு நாளில் அம்மூலக்கூறுகளையும் பிளந்துவிடுவதால், தலையில் ததும்பும் பச்சை வாலை எட்டுவதில்லை. தூசிவால் நெடுகப் பச்சையாகத் தோன்றும் படத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்தால் படம் சிறக்கும் என்பது பாதி உண்மையே. அவ்வால்நட்சத்திரம் பூமியை நெருங்கியிருந்தபோது நட்சத்திரங்களினிடையே நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 பாகை, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 15 விகலை நகர்ந்தது. நட்சத்திரங்களைப் பின்தொடரும் தொலைநோக்கியில் ஐந்து நிமிடம் ஒளியேற்றினால் அதன் தலை கோடாக இழுபட்டுவிடும். ஆதலால் அரை நிமிடப் படங்களாக நூறு எடுத்து, மூடியிட்டு எடுத்த டார்க் பிரேம்களைக் கழித்து, சீரான வெளிச்சத்தில் எடுத்த பிளாட் பிரேம்களால் வகுத்து, பின்னர் நட்சத்திரங்களைப் பொருத்தி ஒரு முறையும் வால்நட்சத்திரத்தின் கருவைப் பொருத்தி மறுமுறையும் அடுக்குகிறார்கள். நூறு படங்களின் சராசரியில் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறைய, அதுவரை புலப்படாதிருந்த வாலின் மெல்லிய இழைகள் வெளிப்படுகின்றன.

இவ்விரு அடுக்குகளையும் ஒரே படமாக இணைப்பதை மோசடி என்பாருமுளர். நடுவே எடுத்த ஒற்றைப் படத்தில் தலை எந்த நட்சத்திரங்களினிடையே நின்றதோ அங்கேயே அதை வைத்து, செய்ததை ஒளியாமல் சொன்னால், அதில் பொய் கிஞ்சித்துமில்லை.

பொய் என்பது சேர்ப்பதைவிட அழிப்பதிலேயே அதிகம் நேர்கிறது என்பது என் துணிபு. நகர வெளிச்சத்தை நீக்கும் சாப்ட்வேர், மங்கிய வாலையும் அவ்வெளிச்சமாகவே கொண்டு துடைத்துவிடும். வால் சூரியனுக்கு எதிர்ப்புறமே நீளும் என்று மட்டும் பயின்றவர், 2023 ஜனவரியின் பிற்பகுதியில் அதே வால்நட்சத்திரத்தின் பாதைத் தளத்தைப் பூமி கடந்தபோது சூரியன் இருக்கும் திசையிலேயே நீண்டு தெரிந்த எதிர்வாலை லென்ஸின் குறையென்று அழித்திருந்தால், அத்தளத்தில் பரவிய தூசியை விளிம்புப்புறமாகக் காணும் அபூர்வக் காட்சியையே இழந்திருப்பார். ஆதலால் நகர வெளிச்சப் பின்னணியைக் கழிக்கும்போது, அதை அளப்பதற்கான மாதிரிப் புள்ளிகளை வாலின் அருகே வையாமல், அதனின்று விலகிய மூலைகளிலேயே வைக்க வேண்டும்.