விட்ட எழுத்தும் விடாத பொருளும்



எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பென்னாகரம் பக்கத்துச் சிற்றூரில் தமிழ்வழியில் பயின்றவன். முதலாண்டில் ஒரு நாள் ஆசிரியர், "ஹாவன்ட் யூ பிராட் யுவர் ரெக்கார்டு?" என்றார். 'ஆமாம், கொண்டுவரவில்லை' என்னும் கருத்தில், "எஸ் சார்" என்றேன். அவர் கையை நீட்டினார். என் கையில் ஒன்றுமில்லை. வகுப்பே சிரித்தது. அன்றிரவு உறக்கம் வரவில்லை. இந்தச் சுருக்கச் சொற்களைக் கற்றே தீர்வது என்று முடிவு செய்தேன். கற்றவற்றுள் சிலவற்றை இங்கே தருகிறேன்.

சுருக்குதல் நமக்குப் புதிதன்று. 'எனக்கு இல்லை' என்பது 'எனக்கில்லை' ஆகும்போது ஈற்று உகரம் கெடுகிறது. நன்னூல் பயின்றோர் இதனை நன்கு அறிவர். கெட்ட எழுத்துக்குத் தமிழ் அடையாளம் வைப்பதில்லை. ஆங்கிலமோ அபாஸ்ட்ரபி என்னும் மேற்குறியை இடுகிறது. 'டூ நாட்' என்பது 'டோன்ட்' ஆகும்போது 'நாட்' என்பதிலுள்ள 'ஓ' மறைகிறது. மறைந்த எழுத்தின் இடமே குறியின் இடம். இரு சொற்களின் நடுவிடம் அன்று. 'வில் நாட்' மட்டும் 'வோன்ட்' ஆவதேன்? 'வில்' என்பதற்கு 'வோல்' என்றொரு பழைய வடிவம் இருந்ததே காரணம்.

நம்மில் பலர் தடுமாறும் இடம் 'இட்ஸ்'. குறியிட்டால் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்', குறியில்லையேல் 'அதனுடைய'. ஐயம் எழுந்தால் விரித்துப் படியுங்கள். பொருள் பொருந்தினால் மட்டும் குறியிடுங்கள். 'எஸ், ஐ ஆம்' என்று முடியும் விடையைச் சுருக்கலாகாது. 'நோ, ஐ ஹாவன்ட்' என்று முடிக்கலாம்.

என் பிழைக்கு வருகிறேன். எதிர்மறை வினாவுக்குத் தமிழில் நாம் கேட்டவர் கூற்றை ஒட்டி 'ஆமாம்' என்கிறோம். ஆங்கில விடையோ நடந்த செய்தியை ஒட்டியது. கொண்டுவரவில்லை எனில், வினா எப்படியிருப்பினும் 'நோ' என்பதே விடை.

இச்சுருக்கங்களை எங்கும் எழுதிவிடலாமா? 1710-இல் 'டேட்லர்' இதழில் ஜோனதன் ஸ்விப்ட் இவற்றைக் கடிந்து எழுதினார். ஆயினும் இவை அழியவில்லை. நண்பருக்கு எழுதும் மடலில் இவை இயல்பாக அமையும். விண்ணப்பத்திலும் ஆய்வகப் பதிவேட்டிலும் முழுவடிவமே தகும்.

இவ்வாண்டு மீண்டும் அதே வினா வந்தது. "நோ சார், ஐ ஹாவன்ட்" என்றேன். திட்டு விழுந்தது உண்மை. ஆனால் அது ரெக்கார்டுக்காக, ஆங்கிலத்துக்காக அன்று. பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் என் தங்கைக்கு இவற்றையெல்லாம் இப்போதே சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவளைப் பார்த்து ஒரு வகுப்பு சிரிக்க வேண்டாம்.