கைப்பேசியும் கணிப்பொறியும்: ஒரு காரியத்துக்கு இரு கருவிகள்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் ரயில் பாதையில் அமைந்துள்ள சமயநல்லூர், மதுரை மேற்கு ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராகும். இவ்வூரில் சிறிதளவு நிலம் வைத்திருக்கும் ஒரு தாயார், தம் மகனின் மேற்படிப்புக்காக வருமானச் சான்றிதழ் கோருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரேஷன் அட்டையை மகன் கைப்பேசியில் படம் பிடிக்கிறான். இ-சேவை மையத்துக் கணிப்பொறியில் விண்ணப்பம் பதிவாகிறது. வருவாய்த் துறை அலுவலர்கள் அதனைத் தத்தம் கணிப்பொறியில் பார்வையிடுகின்றனர். முடிவோ குறுஞ்செய்தியாக மீண்டும் கைப்பேசிக்கே வந்து சேருகிறது.

இவ்வாறு ஒரே காரியம் இரு கருவிகளுக்கிடையே பல முறை கைமாறுகிறது. கைமாறும் ஒவ்வோரிடத்திலும் தவறு நேர இடமுண்டு. படம் தெளிவில்லை என்று விண்ணப்பம் திரும்பலாம். பெயரில் ஓரெழுத்து மாறலாம். செய்தி வேறொருவர் கைப்பேசிக்குச் சென்றுவிடலாம். கல்லூரிச் சேர்க்கையின் கடைசி நாள் கடந்துபோனால், பையனுக்கு ஓராண்டு வீணாகும். ஆகையால், இவ்விரு கருவிகளையும் இசைவிப்பது எவ்வாறு என்னும் கேள்வி, அறிஞர்களுக்கு மட்டுமன்றிக் கிராம மக்களுக்கும் உரியதேயாகும்.

இரண்டும் வேறுபடும் விதம்

மேசைக் கணிப்பொறியின் முன் அமர்பவர் நாற்காலியில் நிலையாக இருந்து, பத்து விரல்களாலும் தட்டெழுதுகிறார். அகன்ற திரையில் நூறு வரிகள் கொண்ட பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். சுட்டியின் முனை ஊசிபோல் நுண்ணிய இடத்தையும் தொடும்.

கைப்பேசியை வைத்திருப்பவரோ வரப்பிலும் பேருந்து நிறுத்தத்திலும் நின்றுகொண்டு, கட்டைவிரலால் தொடுகிறார். விரல் பிழையின்றித் தொடுவதற்கு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் அகலமுள்ள இடம் வேண்டும். வெயிலில் திரை மங்கும். இணைப்பு அடிக்கடி அறுபடும். ஆயினும் கணிப்பொறிக்கு இல்லாத வசதிகள் இதற்கு உண்டு. படம் எடுக்கலாம், நிற்கும் இடத்தைக் குறிக்கலாம், எப்பொழுதும் உடன் இருக்கும். ஒன்றின் குறை மற்றொன்றின் நிறைவாக அமைந்திருப்பதால், இரண்டும் நமக்கு வேண்டியவையே.

பிற நாட்டார் கண்ட படிப்பினை

இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட முயன்றவர்கள் பலர். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2012-இல் விண்டோஸ் 8 என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. தொடுதிரைக்கு ஏற்ற பெரிய கட்டங்களையே மேசைக் கணிப்பொறிக்கும் முகப்பாக அமைத்து, நெடுநாள் பழகிய தொடக்கப் பொத்தானை நீக்கியது. சுட்டியைக் கொண்டு வேலை செய்வோர் இடர்ப்பட்டனர். அடுத்த ஆண்டே வந்த 8.1 பதிப்பில் அப்பொத்தான் திரும்பவும் வைக்கப்பட்டது.

உபுண்டு என்னும் கட்டற்ற இயங்குதளத்தை வெளியிடும் கனானிக்கல் நிறுவனம், கைப்பேசியையே திரையுடன் இணைத்துக் கணிப்பொறியாக்கத் திட்டமிட்டது. 2013-இல் அத்தகைய கைப்பேசி ஒன்றைச் செய்ய 3 கோடியே 20 லட்சம் டாலர் பொதுமக்களிடம் கோரிற்று. அதில் பாதிக்கும் குறைவாகவே உறுதிமொழி கிடைத்தது. 2017-இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. அதே ஆண்டில் சாம்சங் நிறுவனம் டெக்ஸ் என்னும் ஏற்பாட்டைக் கொணர்ந்தது. இதில் கைப்பேசி தனித்திருக்கையில் தன் முகப்பையும், பெரிய திரையுடன் இணைகையில் மேசைக் கணிப்பொறியை ஒத்த வேறொரு முகப்பையும் காட்டும்.

இவற்றால் விளங்குவது யாதெனில், முகப்பை ஒன்றாக்குவது இசைவிப்பு ஆகாது என்பதே. நம் வீட்டு விளக்கும் கிணற்று மோட்டாரும் ஒரே மின்சாரத்தால் இயங்குகின்றன. அதற்காக விளக்கை மோட்டாரின் வடிவில் செய்வார் எவருமில்லை. அதுபோல, கருவிகளின் தோற்றம் வேறுபடலாம். அவற்றின் பின்னிருக்கும் பதிவும், அதனை எழுதும் எழுத்தும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

எழுத்து ஒன்றாதல்

இவ்வகையில் தமிழர் அனுபவமே நல்ல சான்று. முற்காலத்தில் தமிழ்க் கணிப்பொறி எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து அமைக்கப்பட்டன. ஒரு காரியாலயத்தில் எழுதிய கடிதத்தை அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். கைப்பேசி பரவியபின் இத்தொல்லை பெருகிற்று.

1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டின் பயனாகத் ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகை ஏற்பட்டது. உயிரெழுத்துகள் இடக்கையிலும், மெய்யெழுத்துகளுக்குரிய விசைகள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்த இம்முறை கற்பதற்கு எளிது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறிக்கும் தனி எண் உண்டு. எக்கருவியில் திறந்தாலும் அவ்வெண் மாறாது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் கணிப்பொறிக்கு ‘முரசு அஞ்சல்’ என்ற செயலியையும், கைப்பேசிக்குச் ‘செல்லினம்’ என்ற செயலியையும் ஆக்கினார். இரண்டிலும் தமிழ் 99 முறை உண்டு. கருவி வேறு, திரை வேறு. விசைமுறையும் எழுத்தும் ஒன்றே.

பதிவு ஒன்றாதல்

இ-சேவையில் ‘கேன்’ எண் என வழங்கும் பதிவெண் இதே கருத்தில் எழுந்ததாகும். ஒருவருடைய பெயர், முகவரி, கைப்பேசி எண் முதலியன ஒரு முறை பதிவானால், பிற்கால விண்ணப்பங்களுக்கும் அவையே எடுத்தாளப்படும். இதில் நன்மையும் உண்டு, எச்சரிக்கையும் வேண்டும். முதற்பதிவில் நேர்ந்த பிழை பின்வரும் விண்ணப்பங்கள் யாவற்றையும் தொடரும். அவசரத்தில் பிறருடைய கைப்பேசி எண்ணைக் கொடுத்தால், ரகசிய எண்ணும் முடிவுச் செய்தியும் அவருக்கே செல்லும்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. விண்ணப்பத்தில் தம் சொந்தக் கைப்பேசி எண்ணையே கொடுக்க வேண்டும். இல்லாதோர் தம் குடும்பத்தாரின் எண்ணைக் கொடுக்கலாம்.

2. ஆவணத்தைச் சமதளத்தில் வைத்து, நல்ல வெளிச்சத்தில், நான்கு மூலைகளும் தெரியுமாறு படமெடுக்க வேண்டும். கைப்பேசிப் படம் சில மெகாபைட் பருமன் கொள்ளும். விண்ணப்பப் பக்கங்கள் பெரும்பாலும் அதனினும் சிறிய அளவையே ஏற்கும். ஆதலால் எழுத்து மங்காதபடி அளவைக் குறைத்தல் வேண்டும்.

3. கணிப்பொறித் திரையில் பெயரையும் தகப்பனார் பெயரையும் தாமே எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பின்னரே பதிவுக்கு இசைய வேண்டும். படிக்க இயலாதவர்களுக்கு மையத்தில் இருப்போர் உரக்கப் படித்துக்காட்டுவது முறையாகும்.

4. இடையில் இணைப்பு அறுந்தால் உடனே மற்றொரு கருவியில் புது விண்ணப்பம் இடலாகாது. முன்னது பதிவாயிற்றா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒப்புகை எண்ணைக் காகிதத்திலும் குறித்து வைப்பது நலம்.

5. பஞ்சாயத்து அலுவலகத்தார் கிராம சபை அறிவிப்புகளை ஒருங்குறியிலேயே எழுத வேண்டும். அப்பொழுதுதான் சுவரில் ஒட்டப்படும் தாளிலுள்ள செய்தி கைப்பேசியிலும் பழுதின்றிப் படிக்கக் கிடைக்கும்.

6. செயலிகளை ஆக்குவோர் குளிர்ந்த அறையில் பெரிய திரையில் மட்டும் சோதித்து அமைதல் கூடாது. விலை குறைந்த கைப்பேசியில், நண்பகல் வெயிலில், இணைப்பு விட்டுவிட்டு வரும் இடத்தில், பழக்கமில்லாத ஒருவர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

சமயநல்லூர்த் தாயாருக்குக் கருவிகளின் பெயர் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. வீட்டில் எடுத்த படம் அலுவலகத்தில் தெளிவாகத் தெரிந்து, அலுவலகத்தில் எழுதிய பெயர் வீட்டில் பிழையின்றி வந்து சேர்ந்து, மகன் உரிய நாளில் கல்லூரியில் சேர்ந்தானாயின், இரு கருவிகளும் இசைந்துவிட்டன என்று கொள்ளலாம். அந்நிலையை எய்துவதற்குச் செயலி செய்வோரும், அலுவலரும், கிராம மக்களும் தத்தம் பங்கைச் செய்வார்களாக.