நலிந்த கம்பெனியைப் போட்டியாளர் வாங்கினால்?

கேள்வி: நலிந்துபோன ஸ்மார்ட்போன் கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்குவது தொழிலாளர்களுக்கு நல்லதா? (வாசகர், போச்சம்பள்ளி)

பதில்: வாங்குபவர் எதை வாங்குகிறார் என்பதைப் பொறுத்தது. பிராண்டு, காப்புரிமை, ஆலை, ஆட்கள் நான்கும் ஒரே கைக்குப் போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நோக்கியாவே சான்று. ஸ்ரீபெரும்புதூரில் அதன் ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஐபோனும் ஆண்ட்ராய்டும் சந்தையைப் பிடித்ததும் நோக்கியா சரிந்தது. 2013 செப்டம்பரில் செல்போன் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு விற்க முடிவானது. 2014 ஏப்ரலில் கைமாறியபோது, வருமான வரி வழக்கில் முடக்கப்பட்டிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை விற்பனைக்கு வெளியே நின்றது. சில மாதங்கள் மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த முறையில் போன் செய்துகொடுத்தது. ஆர்டர் நின்றது, 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறினர். இருபதுகளில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டுப் போவது ஓய்வே அல்ல, வேலையிழப்பு. வாங்கியவருக்கும் லாபமில்லை: 2015 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் சுமார் 760 கோடி டாலரை நட்டமாகக் கணக்கெழுதியது.

ஓசூருக்கு வடக்கே, கோலார் மாவட்டத்து நரசாபுராவில் நடந்தது வேறு. ஐபோன் பூட்டிவந்த விஸ்ட்ரான் ஆலையை 12.5 கோடி டாலருக்கு விற்பதாக 2023 அக்டோபரில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் தரப்புடன் ஒப்பந்தமானது. அங்கே கைமாறியது பிராண்டு அல்ல, ஓடிக்கொண்டிருந்த ஆலை. ஐபோன் வேலை தொடர்ந்தது.

ஆலையும் ஆட்களும் ஆர்டரும் சேர்ந்து கைமாறும் விற்பனையே தொழிலாளர்களுக்கு நல்லது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை வாங்க சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் முன்வந்தது 2019இல்தான். இடையில் ஐந்து ஆண்டுகள் போய்விட்டன.