சாம்பலும் சந்ததியும்

பினாங்கில் நிலக்கரி மின்நிலையம் இல்லை. பிறையில் இயங்குவது எரிவாயு நிலையம். ஆயினும் ஜார்ஜ்டவுன் வீதிகளில் எரியும் விளக்குகளுக்குத் தீபகற்பம் முழுவதையும் பிணைக்கும் ஒரே கம்பி வலையிலிருந்து மின்சாரம் வருவதால், பேராக்கின் மஞ்சோங்கிலும் சிலாங்கூரின் காப்பாரிலும் நிலக்கரியோடு உழைப்போரின் தேகநலம் நமக்கு அந்நிய விஷயம் அன்று. அவர்களைச் சுற்றி வளர்ந்துள்ள பிரமைகளைக் களைவது நம் கடமை.

நம்பிக்கை: புகை சிம்னி வழியே போய்விடும், உள்ளே இருப்பவருக்கு அபாயமில்லை.

உண்மை: கன்வேயர் பெல்ட்டின் அடியில் சிந்திய கரியைக் கூட்டுகிறவரும், பழுதுபார்க்க பாய்லருக்குள் இறங்குகிறவரும், சாம்பல் தொட்டியைத் திறக்கிறவரும் மாவினும் மெல்லிய தூசியைச் சுவாசிக்கிறார்கள். அதிலுள்ள படிகச் சிலிக்காவையும் ஆர்சனிக்கையும் புற்றுநோய் விளைவிப்பவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. தோலும் ஒரு வாசலே: புகைக்கூண்டு துடைத்தவர்களுக்குக் கரியால் புற்று வருவதை லண்டன் வைத்தியர் பெர்சிவல் பாட் 1775 இலேயே எழுதிவைத்தார்.

நம்பிக்கை: வேலை முடிந்ததும் ஒரு துண்டு வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும்.

உண்மை: வெல்லம் இரைப்பைக்குச் செல்கிறது, நுண்தூசியோ நுரையீரலின் கடைசிச் சிற்றறைகளில் தங்குகிறது. தொண்டைக்கு இதமளிக்கும் எந்தப் பண்டமும், முகத்தோடு பொருந்திய தகுந்த சுவாசக் கவசத்துக்கு ஈடாகாது. மூக்கில் கட்டும் கைக்குட்டையும் அப்படியே.

நம்பிக்கை: கரி வேலை செய்பவரின் மரபணு கெட்டுவிடும், அவருக்குப் பெண் கொடுத்தால் பிறக்கும் பிள்ளை ஊனமாகும்.

உண்மை: துருக்கியின் அஃப்சின்-எல்பிஸ்தான் நிலக்கரி மின்நிலையத் தொழிலாளரின் இரத்த அணுக்களில், பிறரைவிட மிகுதியான குரோமோசோம் சிதைவுகள் காணப்பட்டதாக 2007 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆனால் இரத்த அணுவில் நேர்ந்த பழுது பிள்ளைக்குப் போவதில்லை. சந்ததிக்குச் செல்வது விந்தணுவும் கருமுட்டையும் சுமக்கும் மரபணு மாத்திரமே. ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டுகளுக்குத் தப்பிப் பிழைத்தவர்களின் மக்களைப் பல்லாண்டு ஆராய்ந்தும், பெற்றோர் பட்ட கதிர்வீச்சால் பிறவிக் குறைகள் பெருகியதற்குத் தெளிவான சான்று கிட்டவில்லை. பிள்ளைக்காக அஞ்சுவோர் வேலைச் சட்டைக்கு அஞ்சட்டும்: மடிப்புகளில் சாம்பல் ஒளிந்திருக்கும் அதைக் குழந்தையின் துணியோடு சேர்த்து வெளுக்கலாகாது.

நம்பிக்கை: மரபணுச் சோதனையில் பழுது தெரிந்தால் புற்றுநோய் நிச்சயம்.

உண்மை: உயிரணு தன் டி.என்.ஏ.வின் காயங்களை இடைவிடாது செப்பனிட்டுக்கொண்டே இருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்துச் சோதிக்கும் அணுக்களில் தெரியும் நுண்கருக்கள் (குரோமோசோம் சிதைவின் துணுக்குகள்), ஒரு மனிதருக்கு வரப்போகும் வியாதியைச் சொல்வதைவிட, ஒரு கூட்டத்தார் உழைக்கும் இடத்தின் கேட்டையே தெளிவாகச் சொல்கின்றன.

ஆகவே அச்சோதனை தொழிலாளியை ஒதுக்குவதற்கு அன்று, தொழிலிடத்தைத் திருத்துவதற்கே பயன்படவேண்டும். தீங்கான ரசாயனங்களைப் பற்றிய மலேசியாவின் 2000 ஆம் ஆண்டு விதிகள், தொழிலாளரின் உடல்நலக் கண்காணிப்புப் பதிவுகளை 30 ஆண்டுகள் பாதுகாக்கும்படி முதலாளிக்குக் கட்டளையிடுகின்றன. நோய் தாமதித்து வரும் என்பதை அறிந்த சட்டம் அது. உழைப்போரே, அந்த ஏட்டில் உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு வாசியுங்கள்.