ஸ்கோர் ஷீட்டில் ஏறாத கார்டு

பாஸ்கட்பால் ஸ்கோர் ஷீட்டில் ஒரு ஆட்டக்காரன் கணக்கில் அவன் போட்ட பாயின்ட்டும் வாங்கிய ஃபவுலும்தான் ஏறும். எத்தனை பாஸை விரல் நுனியால் தட்டிவிட்டான், எதிர் டீம் பாயின்ட் கார்டை எத்தனை தடவை முதுகைத் திருப்பிக்கொண்டு பாலை உருட்ட வைத்தான் என்பதற்கெல்லாம் அதில் கட்டம் கிடையாது. அந்தத் தாளை மட்டும் வைத்து டீமை நடத்தும் கமிட்டியோடு ஒரு சீசன் முழுக்க மல்லுக்கு நின்றவன் நான். எங்கள் டிஃபென்ஸ் கார்டு முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்த கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் டீமிலும் அப்படி ஒருவன் இருப்பான். அவன் அடிபடும் நாளில் எங்கள் கமிட்டி சொன்னதையேதான் உங்கள் கமிட்டியும் சொல்லும்.

சாதாரண லீக் மேட்ச். சிமென்ட் கோர்ட். பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தவன் சட்டென்று திரும்பினான். ஊன்றிய கால் அப்படியே நிற்க, முழங்கால் மட்டும் முறுக்கிக்கொண்டது. ஐஸ், கட்டு, ஸ்கேன், மெனிஸ்கஸ் கிழிசல், ஆபரேஷன். எல்லோரும் போகும் வழிதான். தைலம் போட்டு நீவிவிடும் ஆளிடம் கொண்டுபோகாமல் நேரே எலும்பு மூட்டு டாக்டரிடம் காட்டுங்கள், அவ்வளவுதான் அதில் சொல்ல இருக்கிறது.

கோடை டோர்னமென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. கமிட்டி கூடி, வெளியூரிலிருந்து ஒரு கெஸ்ட் பிளேயரைப் பேசி முடித்துவிட்டது. நல்ல ஷூட்டர். “மாஸ்டர், போனவன் மேட்ச்சுக்கு ஆறு பாயின்ட். வர்றவன் இருபது பாயின்ட். நமக்கு லாபம்தானே?” என்றார் கமிட்டியில் ஒருவர். டிஃபென்ஸ் ஆள்தான் வேண்டும், நம் ஜூனியர் பசங்களில் இரண்டு பேரைத் தயார் பண்ணுகிறேன் என்று சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. எங்களுக்கு அந்த டோர்னமென்ட்டையே விலையாகக் கேட்ட முடிவு இதுதான். அதனால் இதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் பையன் இருக்கும்போது எதிர் டீம் கார்டு பாலை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுவரவே 6, 7 நொடி ஆகும். விதி கொடுப்பது 8 நொடி. 24 நொடிக் கடிகாரத்தில் அவர்களுக்கு மிஞ்சுவது 17, 18. ஆளை மறித்து நின்று ஒரு ஸ்கிரீன் போட்டுப் பார்ப்பார்கள். பலிக்காவிட்டால் இரண்டாவதுக்கு நேரம் இருக்காது, நின்ற இடத்திலிருந்து எறிந்தாக வேண்டும். அரையிறுதியில் அவன் இல்லை. எதிர் கார்டு 3 நொடியில், தலை நிமிர்ந்து, கையை நீட்டி ஆட்களை நிறுத்திக்கொண்டே நடந்து வந்தான். எங்கள் டிஃபென்ஸ் 20 நொடிக்கு மேல் காவல் காக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும், 40 நிமிடமும்.

அடுத்தது ஸ்கிரீன். எங்கள் பையன் ஸ்கிரீன் போடுபவனின் இடுப்பை உரசிக்கொண்டு மேல்பக்கமாக நுழைந்து பாலை விடாமல் துரத்துவான். கெஸ்ட் பிளேயர் ஸ்கிரீனில் மோதியதும் நின்றுவிட்டார். கார்டு தனியாக உள்ளே வர, எங்கள் சென்டர் அவனைத் தடுக்க முன்னால் ஏற வேண்டியதாயிற்று. சென்டர் ஏறியதும் அவர் விட்ட ஆள் கூடையை நோக்கி ஓடினான். அவனை மறிக்க மூலையில் நின்ற எங்கள் ஃபார்வர்டு உள்ளே வந்தான், மூலை காலியானது, பால் அங்கே போனது, மூன்று பாயின்ட். கேலரியில் உட்கார்ந்திருந்த கமிட்டிக்காரர்கள், மூலையில் ஆளை விட்டானே என்று அந்த ஃபார்வர்டைத் திட்டினார்கள். அந்தப் பையன் செய்தது சரியான வேலை. மேல்மடையைத் திறந்து போட்டுவிட்டுக் கீழ் வயல்காரனிடம் தண்ணீர் ஏன் புகுந்தது என்று கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்?

சென்டர் மூன்றாவது குவார்ட்டரிலேயே நாலு ஃபவுல் வாங்கினார். பெஞ்சில் உட்கார வைத்தேன். ரீபவுண்டு போனது. ரீபவுண்டு போனதால் எங்கள் ஃபாஸ்ட் பிரேக்கும் போனது. அதோடு, இத்தனை நாள் எங்கள் சொந்த ஷூட்டருக்குக் கிடைத்த சுலபமான லேஅப்புகளில் பெரும்பகுதி அந்தப் பையன் பறித்துக் கொடுத்த பாலில் வந்தவை. அதுவும் நின்றது. கடைசி குவார்ட்டரில் ஷூட்டர் எறிந்தவை எல்லாம் ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பின. கால் ஓய்ந்துபோனதன் அடையாளம் அது. கெஸ்ட் பிளேயரால் முடியாமல் போன பிறகு எதிர் டீமின் வேகமான கார்டை அவன்தான் துரத்திக்கொண்டிருந்தான், வேறு ஆள் இல்லாததால். ஒருவன் போன இடத்தில் ஓட்டை ஒன்றுதான் என்று நினைக்கிறோம். மற்ற நாலு பேரின் வேலையும் மாறிவிடுகிறது.

கெஸ்ட் பிளேயர் பேசியபடி பாயின்ட் போட்டார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எந்த வேலைக்குக் கூப்பிட்டார்களோ அதைச் செய்தார். நாங்கள் தோற்றோம்.

இது உள்ளூர் டீமுக்குத்தான் பொருந்தும் என்று சொன்னவர்களுக்கு அமெரிக்க என்பிஏ லீக்கின் சிகாகோ புல்ஸைக் காட்டினேன். 2022 ஜனவரி 14 அன்று அவர்களுடைய கார்டு லோன்ஸோ பால் முழங்காலில் அடிபட்டு வெளியே போனபோது புல்ஸ் கிழக்குப் பிரிவில் முதல் இடம். ஒரே வாரத்தில் இன்னொரு டிஃபென்ஸ் கார்டு அலெக்ஸ் கரூஸோவுக்கு மணிக்கட்டு முறிந்தது. பாயின்ட் போட ஆள் இல்லையா? டிமார் டிரோஸன் அந்தப் பிப்ரவரியில் தொடர்ந்து எட்டு மேட்ச்சில் 35 பாயின்ட்டுக்குக் குறையாமல், பாதிக்குப் பாதி ஷாட்டை உள்ளே போட்டு வில்ட் சேம்பர்லேனின் சாதனையையே தாண்டினார். ஆனாலும் புல்ஸ் 46 வெற்றி, 36 தோல்வியோடு ஆறாவது இடத்துக்கு இறங்கி, பிளேஆஃப் முதல் சுற்றிலேயே மில்வாக்கியிடம் 4-1 என்று தோற்றது. அதே ஆண்டு பாஸ்டன் செல்டிக்ஸின் மார்கஸ் ஸ்மார்ட் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது வாங்கியிருந்தார். 1996இல் கேரி பேட்டனுக்குப் பிறகு அதை வாங்கிய முதல் கார்டு அவர். மயாமிக்கு எதிரான கிழக்குப் பிரிவு இறுதித் தொடரின் நாலாவது மேட்ச்சில் ஸ்மார்ட் கணுக்கால் சுளுக்கால் ஆடவில்லை. பாஸ்டன் 102-82 என்று ஜெயித்தது. அவர் இடத்தில் இறங்கிய டெரிக் வொய்ட்டும் டிஃபென்ஸில் தேர்ந்த கார்டு. நான் கமிட்டியிடம் கேட்டதும் அப்படி ஒரு ஆளைத்தான்.

மூன்றாம் இடத்துக்கான மேட்ச்சில் யாரையும் கேட்காமல் நான் நினைத்தபடி ஆட வைத்தேன். இரண்டு ஜூனியர் பசங்களை மாற்றி மாற்றி எதிர் கார்டு மேல் விட்டேன். ஒருவனுக்கு 5 ஃபவுல் என்றால் இரண்டு பேருக்கும் சேர்த்து 10. பயமில்லாமல் நெருங்கி நிற்கலாம். ஆனால் டீம் ஃபவுலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு குவார்ட்டரில் நாலுக்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ. ஸ்கிரீனுக்கு மேல்பக்கமாக நுழையச் சொல்லி அவர்களைக் கேட்கவில்லை, அந்த உடம்பு அவர்களுக்கு இன்னும் வரவில்லை. பாலை நடுவே வரவிடாமல் ஓரக் கோட்டுப் பக்கம் தள்ளுங்கள், சென்டர் பின்னால் நின்று காத்திருப்பார் என்றேன். நாம் ஷாட் எறியும்போதே இரண்டு பேர் பின்னால் ஓடிவிட வேண்டும். ஷூட்டரை எதிர் டீமின் மெதுவான ஆள் மேல் போட்டு அவன் காலை மிச்சம் பிடித்தேன். கெஸ்ட் பிளேயர் பெஞ்சிலிருந்து வந்தார், நன்றாகவே ஆடினார். 2-3 ஜோன் போடச் சொல்லிப் பின்னாலிருந்து கத்தினார்கள். நாம் பாஸ்கட் போட்ட பிறகு மட்டும் சில தடவை போட்டேன், ஜோனில் ரீபவுண்டுக்கு ஆளைப் பிடித்து நிற்பது கடினம். எதிர் டீம் 60 பாயின்ட்டைத் தொடவில்லை. ஜெயித்தோம். இதையே அரையிறுதியில் செய்திருந்தால் இறுதிப் போட்டிக்குப் போயிருப்போம் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

டிஃபென்ஸ் மட்டும் தெரிந்தவனை வைத்துக்கொண்டால் அஃபென்ஸில் நாலு பேரோடு ஆடுவது போல ஆகிவிடும் என்பார்கள். அதில் உண்மை உண்டு. 2015 பிளேஆஃப் தொடரில் மெம்ஃபிஸின் டோனி ஆலனுக்கு வெளியிலிருந்து ஷாட் கிடையாது என்று, கோல்டன் ஸ்டேட் கோச் ஸ்டீவ் கெர் தன் சென்டர் போகட்டை ஆலன் மேல் பெயருக்கு நிறுத்திவிட்டுக் கூடைக்குக் கீழே காவல் போட்டார், தொடரே திரும்பியது. அதற்காக அப்படிப்பட்டவனை ஒதுக்கக் கூடாது. ஸ்கிரீன் போட வையுங்கள், அடிக்கோட்டில் நிறுத்தி வெட்டி ஓட வையுங்கள், தினமும் மூலையிலிருந்து ஷாட் எறிய வையுங்கள். இதற்குக் கோச்சுக்குப் பொறுமை வேண்டும்.

ஸ்கோர் ஷீட்டில் ஏறாததைக் காட்ட, பெஞ்சில் ஒரு பையனிடம் நோட்டைக் கொடுங்கள். எதிர் கார்டு எத்தனை நொடியில் நடுக்கோட்டைத் தாண்டுகிறான், எத்தனை பாஸ் தட்டப்பட்டது, இந்த இரண்டை மட்டும் குறிக்கட்டும். அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் எங்கள் கமிட்டியில் சிலர் என்னோடு உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள்.

எனக்கு அதிகம் கோபம் வந்தது அரையிறுதிக்கு முந்தின இரவு. முழங்கால் கேப் மாட்டி, பத்து நிமிடம் மட்டும் அடிபட்ட பையனை இறக்குங்கள் என்றார்கள் கமிட்டியில். பையனும் “ஆடுறேன் சார்” என்று கண்கலங்க நின்றான். முடியாது என்றேன். லோன்ஸோ பாலுக்கு ஆபரேஷன் முடிந்ததும் 6 முதல் 8 வாரம் என்றுதான் சொன்னார்கள். அவர் மறுபடி என்பிஏ மேட்ச் ஆடியது 2024 அக்டோபரில். அத்தனை பெரிய மருத்துவ வசதிக்கு நடுவில் அவருக்கே அப்படி என்றால், சிமென்ட் தரையில் ஆடுகிற பையனை எந்தத் துணிச்சலில் இறக்குவது? டிஃபென்ஸ் கார்டுக்கு முழங்கால்தான் தொழில். நேராக ஓட முடிகிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அடிபட்ட காலால் ஒற்றைக் காலில் தாவும் தூரம் நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது பிசியோக்கள் பொதுவாக வைக்கும் அளவு. அதற்கு மேல் நான் ஒன்று வைத்தேன்: முன்னறிவிப்பில்லாமல் திசை மாறும் ஆளுக்கு எதிரே பக்கவாட்டில் நகர்ந்து, அடிபட்ட காலை ஊன்றித் திரும்ப வேண்டும், முகம் சுளிக்காமல். அது வரும்வரை காத்திருந்தேன். திரும்பி வந்தபோதும் முதல் மேட்ச்சில் ஒரு குவார்ட்டருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் அவனை விடவில்லை, கமிட்டி என்ன சொன்னாலும்.